தனக்கு மிஞ்சித்தான் தருமமா?

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்" என்பது நம்மவரிடையே வழங்கும் பழமொழி. பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டு வந்து, சாலைக் கடைத்தெருவை ஒட்டிய சந்துகளில் வாடகைக்குக் குடியிருக்கும் நம்போன்ற குடும்பங்களுக்கு இப்பழமொழி மிகவும் வசதியானது. மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை போக, பிள்ளைகளின் படிப்புச் செலவு போக, ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்புவது போக, மிஞ்சுவது யாது? ஒன்றுமில்லை. ஆகவே தருமமும் இல்லை. கணக்கு நேராகிவிட்டது, மனச்சாட்சியும் நிம்மதியாக உறங்கப் போய்விட்டது.

நாம் ரயில்வேயில் குமாஸ்தா. வரவையும் செலவையும் இரு பத்திகளாக எழுதிக் கூட்டிப் பார்ப்பது நமக்குத் தொழில். அதனால் இந்தப் பழமொழியை வெகுகாலம் வேதவாக்காகவே கொண்டிருந்தோம். அந்த நம்பிக்கை நம்மை விட்டு எவ்வாறு அகன்றது என்பதை அன்பர்களுக்கு ஒளிவுமறைவின்றிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதினொரு நாள் விருந்து

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மழைக்காலத்தில், ஊரிலிருந்து நம் தகப்பனார் தொலைபேசியில் அழைத்தார். வள்ளியூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவருக்கு வாயில் ஆறாத புண். திருவனந்தபுரத்திலுள்ள புற்றுநோய் மருத்துவ நிலையத்துக்குப் போகும்படி அங்குள்ள மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அண்ணாச்சிக்கும் அவர் மனைவியாருக்கும் மலையாளம் ஒரு சொல்லும் தெரியாது. "நாலு நாள் உங்க வீட்டுல இருக்கட்டும்" என்றார் தகப்பனார். நாமும் சரியென்றோம்.

நம் வீடு ஓர் அறையும் ஒரு கூடமும் ஓர் அடுப்படியும் கொண்டது. அறைக்கும் கூடத்துக்கும் இடையே இருப்பது பலகைத் தடுப்பு. விருந்தினர் கூடத்தில் படுத்தனர். பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் அடுப்படிக்குக் குடிபெயர்ந்தன. நாலு நாள் என்றது வளர்ந்தது. ஒரு பரிசோதனைக்கு மற்றொன்று, அதன் முடிவுக்குக் காத்திருப்பு, பிறகு மற்றொரு மருத்துவர். அண்ணாச்சியால் சோறு மெல்ல இயலாது. நம் துணைவியார் அவருக்கெனத் தனியே கஞ்சி காய்ச்சினார்.

பத்தாம் நாள் இரவு, எல்லோரும் உறங்கிவிட்டனர் என்றெண்ணி, நாம் துணைவியாரிடம், "இந்த மாதம் கேஸ் பதினெட்டே நாளில் தீர்ந்துவிட்டது. இன்னும் எத்தனை நாளோ!" என்று கூறினோம். கூறியது இவ்வளவே. ஆனால் பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து எழுந்த இருமல் நடுவே சட்டென்று அடங்கியதை நம் காது கேட்டது.

மறுநாள் விடியுமுன் இருவரும் குளித்துவிட்டனர். பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. "ஆஸ்பத்திரி பக்கத்துலயே ரூம் கிடைச்சிட்டு தம்பி. அலைச்சல் மிச்சம் பாருங்க" என்று அண்ணாச்சி சிரித்தார். புண்ணோடு சிரிப்பது அவருக்கு வேதனை, ஆயினும் சிரித்தார். அவர் நம் முகத்தைப் பார்த்தார்; நாம் பார்க்கவில்லை. அவர்கள் சென்றபின், அடுப்படி அலமாரியில் ஓர் ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டி இருக்கக் கண்டோம்.

பதினொரு நாள் சோறிட்டது நாம். அதை ஒரு வாக்கியத்தால் திரும்பப் பிடுங்கிக்கொண்டதும் நாமே. விருந்தோம்பலைப் பற்றிக் கூறப் புகுந்த வள்ளுவர் அனிச்ச மலரை ஏன் உவமைக்கு எடுத்தார் என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தோம்; அன்றுதான் அதன் பொருளை அறிந்தோம்.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் போதகர், பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலிருந்து பேசினார். எருசலேமில் வாடிய ஏழைகளுக்காகப் பொருள் சேர்த்த காலத்தில், மக்கெதோனியா நாட்டுச் சபையார் தாமே கொடிய வறுமையில் இருந்தனராம். அப்படியிருந்தும், தங்களுக்கும் அதில் ஒரு பங்கு தரும்படி அவர்கள் கெஞ்சிக் கேட்டனராம், அதுவும் மகிழ்ச்சியோடு! பலமுறை கேட்ட பகுதிதான். அன்று அது நம்மை உறுத்திற்று. மிஞ்சியவர் கொடுப்பது விளங்குகிறது. மிஞ்சாதவர் கொடுப்பதும் ஒருவாறு விளங்குகிறது. மிஞ்சாதவர் மகிழ்ந்து கொடுப்பது எங்ஙனம்?

நெய்யூர் வைத்தியர்

இக்கேள்விக்கு விடையாக வாழ்ந்த ஒருவர் நமக்கு வெகு அருகிலேயே பணிபுரிந்திருக்கிறார். இங்கிருந்து நாகர்கோவில் செல்லும் வண்டியில் ஏறி, குழித்துறை கடந்து, இரணியல் நிலையத்தில் இறங்கினால் அருகிலேயே நெய்யூர். அங்குள்ள மிஷன் மருத்துவமனை 1838-ஆம் ஆண்டு ஆர்ச்சிபால்ட் ராம்சே என்னும் மருத்துவர் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது. நம் பாட்டிமார் "நெய்யூர் டாக்டர்" என்று கூறும்போது பெரும்பாலும் குறித்தது தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் என்பவரை. நம் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே காரக்கோணத்தில் உள்ள மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

சோமர்வெல் 1890-இல் இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். காலணித் தொழிலில் வளம் கண்ட குடும்பம். கேம்பிரிட்ஜில் முதல் வகுப்பில் தேறினார். லண்டனில் மருத்துவம் பயின்றார். மலையேறுவதில் தீராத ஆசை, ஓவியம் தீட்டுவார், இசையில் நல்ல தேர்ச்சி. உலகம் ஒருவனுக்கு என்னென்ன தரக்கூடுமோ அவையெல்லாம் அவருக்குக் கிட்டியிருந்தன.

முதல் உலகப் போர் அவரை முதலில் உலுக்கிற்று. 1916-இல் பிரான்சு நாட்டின் சோம் போர்க்களத்தை அடுத்த மருத்துவக் கூடாரத்தில் அவர் அறுவை செய்துகொண்டிருந்தார். உள்ளே சில மருத்துவர்களே. வெளியே வெட்டவெளி எங்கும் காயமுற்ற வீரர்கள் கிடத்தப்பட்டிருந்தனர். சிறிது ஓய்வு கிடைத்தபோது அவர் அவர்களிடையே நடந்து சென்றார். சாகும் தறுவாயில் இருந்தவர்கள்கூட, "என்னை முதலில் கவனியுங்கள்" என்று கேட்கவில்லை. அக்காட்சியை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. போரையே வெறுப்பவராக அவர் அங்கிருந்து திரும்பினார்.

அடுத்தது 1922. எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற பிரிட்டிஷ் குழுவில் அவரும் ஒருவர். அவ்வாண்டு மே மாதம் மல்லோரி, நார்ட்டன் ஆகியோருடன் பிராணவாயுக் கருவியின்றி ஏறத்தாழ 27,000 அடி உயரத்தை எட்டினார். அதுவரை மனிதர் எவரும் அவ்வுயரத்தை அடைந்ததில்லை. ஆயினும் ஜூன் 7-ஆம் நாள் மீண்டும் முயன்றபோது பனிச்சரிவு வந்து சுமைதூக்கும் தொழிலாளர் எழுவரை விழுங்கிவிட்டது. வெள்ளையர் ஒருவருக்கும் காயமில்லை. மாண்டவர் அனைவரும் கூலிக்குச் சுமை தூக்கிய மலைவாசிகள். அவர்களுடைய துன்பத்தில் தம்மவர் ஒருவரும் பங்கு பெறாமற் போனோமே என்று சோமர்வெல் நெஞ்சம் புழுங்கினார்.

அந்த மனத்தோடு அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு தெற்கே கன்னியாகுமரி வரை வந்தார். வழியில் நெய்யூர் மருத்துவமனையைக் கண்டார். நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்திருந்தனர். அறுவை செய்ய ஒரே ஒரு மருத்துவர். அப்போது திருவிதாங்கூரில் ரயில் திருவனந்தபுரத்தோடு நின்றுவிட்டது. இங்கிருந்து கன்னியாகுமரிக்குப் பாதை திறந்தது 1979-இல்தான். ஆகவே அன்று நெய்யூருக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு நோயாளியும் மாட்டுவண்டியிலோ பிறர் தோளிலோ எத்தனை வேதனையோடு வந்திருப்பார் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். சோமர்வெல் சட்டையைக் கழற்றிக் கை கழுவி உதவத் தொடங்கினார். லண்டனில் நல்ல எதிர்காலம் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு நெய்யூரில் உழைப்பதென்று முடிவு செய்தார்.

கயிறு எட்டாத இடத்தில்

1924-ஆம் ஆண்டு மீண்டும் எவரெஸ்ட் பயணம். அந்த மே மாதம், 23,000 அடி உயரத்திலுள்ள பனிமேட்டில் சுமைதூக்குவோர் நால்வர் சிக்கிக்கொண்டனர். சிகரத்தை விட்டுவிட்டு அவர்களை மீட்க மல்லோரி, நார்ட்டன், சோமர்வெல் மூவரும் ஏறினர். கடைசிச் சரிவைக் குறுக்கே கடந்து சென்றவர் சோமர்வெல். அவர் இடுப்பில் கட்டிய கயிறு, அந்த நால்வரை எட்டச் சில கஜமே இருக்கும்போது தீர்ந்துவிட்டது. முதல் இருவர் எப்படியோ வந்து சேர்ந்தனர். மற்ற இருவரும் கால் வழுக்கிச் சரிந்தனர். சோமர்வெல் தம் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து, பனிக்கோடரியைச் சரிவில் ஊன்றி, கயிற்றை அதில் சுற்றி, அதன் நுனியை ஒரு கையால் பற்றியவாறு எட்டி, மறு கையால் அவ்விருவரையும் பிடரியில் பிடித்து இழுத்துக் காத்தார்.

சாலைக் கடைத்தெருவில் வாழும் நமக்கு இந்நிகழ்ச்சி தனியே பொருள் தரவல்லது. விடியற்காலையில் நூறு கிலோ மூட்டையை முதுகில் தாங்கிச் செல்லும் தொழிலாளியின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? சோமர்வெல் புகழ் தேடி மலை ஏறியவர்தாம். ஆனால் புகழின் பக்கத்தில் ஒரு கூலியாளின் உயிர் நின்றபோது, எதற்கு முதலிடம் என்பதில் அவருக்கு ஐயம் எழவில்லை.

அதன் பிறகு ஜூன் 4-ஆம் நாள் அவரும் நார்ட்டனும் சிகரத்தை நோக்கி ஏறினர். உறைபனிக் காற்றால் தொண்டை புண்ணாகி மூச்சடைக்க, சுமார் 28,000 அடியில் சோமர்வெல் அமர்ந்துவிட்டார். நார்ட்டன் 28,126 அடி வரை சென்று திரும்பினார். நாலு நாள் கழித்து மல்லோரியும் இர்வினும் ஏறிச் சென்றபோது, மல்லோரிக்குத் தம் சிறிய புகைப்படக் கருவியைச் சோமர்வெல் கொடுத்தனுப்பினார். அவ்விருவரும் திரும்பவில்லை; கருவியும் திரும்பவில்லை.

அப்பயணம் முடிந்தபின் நெய்யூர்ப் பணியே அவர் வாழ்க்கையாயிற்று. குடற்புண், வாய்ப்புற்று ஆகிய நோய்களுக்கு நெய்யூரில் நடந்த அறுவை மருத்துவம் பெயர் பெற்றது. அங்கு பணியாற்றிய ஓர் என்னும் மருத்துவர், வெற்றிலை பாக்கோடு புகையிலை மெல்லும் வழக்கத்துக்கும் வாய்ப்புற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து, 1933-இல் லண்டனின் லான்செட் என்னும் மருத்துவ இதழில் எழுதினார். நம் அண்ணாச்சி நாற்பது ஆண்டுகளாகக் கடையில் உட்கார்ந்து மென்றதும் அந்தப் புகையிலையே. அவர் பிறப்பதற்கு முன்பே நெய்யூரில் எழுதி வைத்த எச்சரிக்கை அவர் கடைவரை வந்து சேரவில்லை! நம் அன்பர்களில் இன்னும் மெல்லுவோர் இதைச் சற்றே கருதுவாராக.

சோமர்வெல் 1949 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நம் நாட்டு இளைஞர்களுக்கு அறுவை மருத்துவம் கற்பித்தார். 1961-இல் தாயகம் திரும்பி, 1975-இல் மறைந்தார்.

மகிழ்ச்சியின் ஊற்று

அவருடைய வாழ்வில் நம்மை மிகவும் கவர்ந்தது அவர் விட்டுக்கொடுத்த பொருளன்று. விட்டுக்கொடுத்தபின் முகம் சுளிக்காமல் வாழ்ந்தாரே, அதுதான். ஓவியத்தை அவர் கைவிடவில்லை. இமயத்தின் மலைகளை நூற்றுக்கணக்கான படங்களாகத் தீட்டினார். திபெத்தியரின் பாடல்களைக் கேட்டு இசைக்குறிப்பாக எழுதிக்கொண்டார். எவரெஸ்ட் பயணத் திரைப்படத்துக்கு அவை பின்னணி இசையாயின. உறைபனிக் கூடாரத்தில் அவரும் மல்லோரியும் ஷேக்ஸ்பியரைப் படித்துக் காட்டி மகிழ்ந்தனர். கொடுப்பவன் உம்மென்று இருக்கவேண்டும் என்று கிறிஸ்தவ சமயம் எங்கும் விதிக்கவில்லை என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

இம்மகிழ்ச்சிக்கு ஊற்று எது? தம் கல்வியும் உடல்வலிமையும் உயிருங்கூடத் தமக்குக் கொடுக்கப்பட்டவை என்று அவர் நம்பினார். போர்க்களத்தில் பிறர் மடியத் தாம் பிழைத்தார். பனிச்சரிவில் எழுவர் மடியத் தாம் பிழைத்தார். பிழைத்ததைத் தம் சாமர்த்தியம் என்று அவர் எழுதிக்கொள்ளவில்லை. பெற்றுக்கொண்டது என்று எழுதிக்கொண்டார். கிறிஸ்தவர் கிருபை என்று கூறுவது இதைத்தான். பெற்றுக்கொண்டதைப் பகிர்ந்தளிப்பவனுக்கு இழப்பு ஏது? குமாஸ்தாவாகிய நாம் கூறுவதானால், நாம் செலவுப் பத்தியில் எழுதிக் கூட்டியதை அவர் வரவுப் பத்தியில் தொடங்கினார்.

ஒரு பிடி அரிசி

"அவர் பெரியவர், சம்பளக்காரனாகிய நாம் என்ன செய்ய இயலும்?" என்று அன்பர்கள் கேட்கலாம். நாமும் கேட்டோம். விடையைக் கூறியவர் நம் துணைவியார்.

தென் திருவிதாங்கூரிலும் திருநெல்வேலிச் சீமையிலும் கிறிஸ்தவப் பெண்களிடையே பிடி அரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலை வைக்க அரிசி அளந்தவுடன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இட்டு வைப்பர். அது கலயம் நிறைந்ததும் ஆலயத்துக்கும் ஏழைகளுக்கும் போகும். "உண்டு மிஞ்சிய சோற்றிலிருந்து எடுப்பதில்லையே, உலையில் இடுமுன் அல்லவா எடுக்கிறோம்?" என்றார் துணைவியார். எவ்வளவு பெரிய உண்மை! மிஞ்சட்டும் என்று காத்திருந்தால் எந்தக் கலயமும் நிறையாது. முதலில் எடுத்துவிட்டால் அந்த ஒரு பிடி குறைந்தது வயிற்றுக்குத் தெரிவதும் இல்லை.

அன்று முதல், சம்பளம் வந்தவுடன் வாடகைக்கும் முன்பாக ஒரு சிறு தொகையை விருந்துக்கென்று ஒதுக்கி விடுகிறோம். தொகை பெரிதன்று, ஆனால் அது முன்பே கொடுத்தாகிவிட்ட பணம். ஆதலால் விருந்தினர் சாப்பிடும்போது நம் மனம் கணக்குப் போடுவதில்லை. முகமலர்ச்சிக்கு இவ்வளவு எளிய வழி இருக்கும் என்று நாம் எண்ணியதே இல்லை.

மற்றொன்றும் கூறவேண்டும். விருந்தை அழைப்பவர் ஆண்மக்கள். அடுப்பங்கரையில் வேகிறவர் பெண்மக்கள். மனைவியின் முதுகில் சுமையை ஏற்றிவிட்டுக் கணவன் தாராளமானவன் என்று பெயர் வாங்குவது தருமமாகாது. அந்தப் பதினொரு நாளும் கஞ்சி காய்ச்சியவர் முணுமுணுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த நாமே முணுமுணுத்தோம். இப்போது விருந்தினர் வந்தால் பாத்திரம் துலக்குவது நம் பொறுப்பு. கை நனைந்தவன் கணக்குப் பார்ப்பதில்லை என்பது நம் அனுபவம்.

நம்மூரிலிருந்து இந்நகரின் மருத்துவமனைகளுக்கு நாள்தோறும் நோயாளிகள் வருகின்றனர். அவர்களுக்குப் பணத்தைவிடத் தேவையானது வழித்துணை. மருத்துவர் மலையாளத்தில் கூறுவதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒருவர். வரிசையில் நிற்க ஒருவர். இரத்தம் கொடுக்க ஒருவர். ஒரு வேளைக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டு போய்க் கொடுக்க ஒருவர். ஓய்வு நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக்கூடிய அன்பர்கள், எச்சமயத்தாராயினும், நம் சங்கத்தில் பெயர் கொடுத்தால் இதனை முறையாக நடத்தலாம் என்பது நம் வேண்டுகோள்.

அண்ணாச்சியைப் பற்றிக் கூறி முடிப்போம். அறுவை முடிந்து மறு பரிசோதனைக்கு அவர் வந்தபோது, நாம் தம்பானூர் நிலையத்துக்கே சென்று வீட்டுக்கு அழைத்தோம். "வேண்டாம் தம்பி, அங்க ரூம் சொல்லியாச்சு" என்றார். குரல் குழறிற்று, உறுதி குழறவில்லை. நாம் வற்புறுத்தவில்லை, அதற்கு நமக்கு உரிமை இருக்கவில்லை. மூன்று நாளும் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனோம். முதல் நாள் அறை வாயிலில் வாங்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் உள்ளே அழைத்து உட்கார வைத்தார்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் காலை, நாம் அலுவலகத்துக்குப் புறப்படும் வேளையில் கதவு தட்டப்பட்டது. அண்ணாச்சியின் மனைவியார் வாயிலில் நின்றார். பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி. "ரெண்டு நாள் வேலை இருக்கு தம்பி, இங்க தங்கிக்கிடட்டுமா?" என்று அந்த அம்மையார் கேட்டார். கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்தார்.

இம்முறை நாமும் அவர் முகத்தைப் பார்த்தோம். நாம் விடை கூறுமுன், உள்ளிருந்து பிள்ளைகள் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டனர்.